லத்தீனை விட்டு ஊர்மொழியில்: இடைக்கால ஐரோப்பிய எழுத்தைப் படிக்கத் தொடங்குபவர்களுக்கு ஒரு வழி

தாந்தே, பெத்ரார்க்கா, போக்காச்சோ, சாசர் என்ற பெயர்களைக் கேள்விப்பட்டிருக்கிறேன், எங்கிருந்து தொடங்குவதென்றுதான் தெரியவில்லை என்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். லத்தீன் தெரிய வேண்டியதில்லை. இத்தாலியனும் பிரெஞ்சும்கூடத் தெரிய வேண்டியதில்லை. ஆங்கில மொழிபெயர்ப்பை நிதானமாக வாசிக்க முடிந்தால் போதும். மூலத்தைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளும் பழக்கம் போகப்போக வந்துவிடும்.

பாடப்புத்தகங்களில் இந்த வரலாறு சட்டென்று முடிந்துவிடும்: இடைக்காலத்தில் எல்லாரும் லத்தீனில் எழுதினார்கள், மறுமலர்ச்சி வந்தது, தாய்மொழிகள் வென்றன. நடந்தது அப்படியில்லை. 1100ஐ ஒட்டியே பிரெஞ்சில் ரோலான் காவியம் இருந்தது. அதே தலைமுறையில் அக்கித்தேன் பிரபு ஒன்பதாம் கில்லெம் தென்பிரான்சின் ஆக்சிதான் மொழியில் காதல் பாட்டுக் கட்டிக்கொண்டிருந்தார். மறுமலர்ச்சிக் காலத்திலோ லத்தீனின் மவுசு குறையவில்லை, ஏறியது. மக்கள்மொழியில் எழுதிப் பேர் வாங்கியவர்களில் பலர் கடைசிவரை லத்தீனிலும் எழுதினார்கள். ஒவ்வொரு நூலுக்கும் உட்காரும்போது 'இதை எந்த மொழியில், யாருக்காக எழுதுவது' என்று தனித்தனியாகத் தீர்மானித்தார்கள். அந்தத் தீர்மானங்களை ஒவ்வொன்றாகப் பின்தொடர்ந்து போவதுதான் உள்ளே நுழைய நல்ல வாசல் என்பது என் கருத்து.

முதல் வேலை: ஒரு நோட்டு, மூன்று கேள்விகள்

எந்த நூலை எடுத்தாலும் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதிவையுங்கள். இது யாருக்காக எழுதப்பட்டது? எழுதியவருக்கு வேறு எந்த மொழியில் எழுத வாய்ப்பிருந்தது? அதே ஆள் லத்தீனில் என்ன எழுதினார்?

இரண்டாவது கேள்வியை அலட்சியமாக விடாதீர்கள். மக்கள்மொழி என்றவுடன் தாய்மொழி என்று மனம் முடிவுகட்டிவிடும். பிரூனெத்தோ லத்தீனி புளோரன்ஸ்காரர். 1260களில் பிரான்சில் அகதியாக இருந்தபோது 'புதையல்' என்ற கலைக்களஞ்சியத்தைப் பிரெஞ்சில் எழுதினார். காரணமும் சொன்னார்: நாங்கள் இருப்பது பிரான்சில், தவிர அந்தப் பேச்சு இனிமையானது, எல்லா மக்களுக்கும் பொதுவானது. காஸ்தில் அரசர் பத்தாம் அல்போன்ஸோ சட்டம், வரலாறு, வானியல் எல்லாவற்றையும் காஸ்திலியனில், அதாவது இன்று ஸ்பானிஷ் என்று நாம் சொல்லும் மொழியில், எழுதவைத்தார். மரியன்னையைப் பாட உட்கார்ந்தபோது கலீசிய-போர்த்துகீசிய மொழிக்கு மாறினார், ஏனென்றால் அந்தப் பகுதியில் பாட்டுக்குரிய மொழி அதுதான். மார்க்கோ போலோவின் பயணக் கதை, 1298இல் ஜெனோவா சிறையில் பீசா நகரத்து ருஸ்திக்கெல்லோ கேட்டு எழுதியது, இத்தாலிய வாடை வீசும் பிரெஞ்சில் இருக்கிறது.

மூன்றாவது கேள்விக்கு லண்டனில் கல்லிலேயே ஒரு விடை இருக்கிறது. கவிஞர் ஜான் கோவரின் சமாதி சதக் பேராலயத்தில் உள்ளது. படுத்திருக்கும் சிலையின் தலைக்கு அடியில் தலையணையாக மூன்று புத்தகங்கள்: ஒன்று பிரெஞ்சில் எழுதியது, ஒன்று லத்தீனில், ஒன்று ஆங்கிலத்தில். சாசரின் நண்பர் இவர். 14ஆம் நூற்றாண்டு லண்டனில் ஒரு படித்த மனிதருக்கு மூன்று மொழியும் கைவசம் இருந்தன, மூன்றுக்கும் வேலை இருந்தது.

அடுத்து, பழைய வரிகள் சில

இதற்கு ஒரு மாலைப்பொழுது போதும். 842 பிப்ரவரியில் ஸ்த்ராஸ்பூரில் சார்லமேனின் பேரன்கள் இருவர், ஜெர்மானிய லூயியும் மொட்டைச் சார்லசும், தங்கள் அண்ணன் லோத்தாருக்கு எதிராகக் கூட்டுச் சேர்ந்து சத்தியம் செய்துகொண்டார்கள். சார்லசின் படைக்குப் புரியவேண்டும் என்று லூயி அவர்களுடைய ரோமானிய மொழியில் சத்தியம் செய்தார். லூயியின் படைக்குப் புரிய சார்லஸ் ஜெர்மானிய மொழியில் செய்தார். இதைப் பதிவு செய்த நித்தார்டு தன் வரலாற்றை லத்தீனில்தான் எழுதினார், ஆனால் சத்தியவாக்குகளைப் பேசிய மொழியிலேயே விட்டுவைத்தார். பிரெஞ்சின் மிகப் பழைய எழுத்துச் சான்றாகச் சொல்லப்படுவது இந்தச் சில வரிகள்தான்.

960இல் தென் இத்தாலியின் கப்புவாவில் ஒரு நில வழக்கு. மோந்தே கசீனோ மடத்துக்கும் ஒரு நிலக்கிழாருக்கும் தகராறு. தீர்ப்பு ஆவணம் முழுக்க லத்தீன். நடுவே சாட்சி சொன்னது மட்டும் ஊர்ப்பேச்சில்: 'ஸாவோ கோ கெல்லே தெர்ரே...' என்று தொடங்கும் வாக்கியம். 'இந்த எல்லைக்குள் அடங்கிய அந்த நிலங்களை முப்பது ஆண்டாகப் புனித பெனெதிக்து தரப்பு அனுபவித்துவந்தது என்று அறிவேன்' என்பது பொருள். புனித பெனெதிக்து தரப்பு என்றால் அந்த மடம். பட்டா, அனுபவ பாத்தியதை, சாட்சி என்று நமக்குப் பழக்கமான உலகம்தான். மக்கள்மொழி எழுத்தில் ஏறியதற்குக் கவிஞர்கள் மட்டும் காரணமில்லை. யார் சொன்னது, என்ன சொன்னார் என்பதை அப்படியே பிடித்துவைக்க வேண்டிய கட்டாயமும் ஒரு காரணம்.

மூன்றாவது: ஒரே கதை, மூன்று மொழி

புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் கையில் கொடுப்பது கிரிசெல்டா கதையைத்தான். சிறியது. ஒரே கதை மொழி மாறும்போது என்னென்ன ஆகிறது என்பதை உங்கள் கண்ணாலேயே பார்த்துவிடலாம்.

போக்காச்சோவின் டெக்கமரான் 1350ஐ ஒட்டி, புளோரன்ஸைக் கொள்ளைநோய் புரட்டிப்போட்ட பிறகு எழுதப்பட்டது. நூறு கதைகள். முன்னுரையில், காதல் துயரத்தோடு வீட்டுக்குள் அடைபட்டிருக்கும் பெண்களுக்காக எழுதுகிறேன் என்கிறார். நூறாவது கதை கிரிசெல்டா. சலூட்சோவின் பிரபு குவால்தியேரி ஓர் ஏழைக் குடியானவன் மகளை மணக்கிறான். அவள் பொறுமையைச் சோதிக்கப் பெண் குழந்தையை எடுத்துப்போய்க் கொன்றுவிட்டதாகப் பாவனை செய்கிறான். பிறகு ஆண் குழந்தையை. பிறகு அவளையே ஒற்றை உள்ளாடையோடு அப்பன் வீட்டுக்கு அனுப்புகிறான். கடைசியில் வேறொரு கல்யாணத்துக்கு வீட்டைத் தயார்செய்ய அவளையே கூப்பிடுகிறான். வந்த 'மணப்பெண்' அவள் பெற்ற மகள். கிரிசெல்டா வாய் திறந்து ஒரு குறைகூடச் சொல்வதில்லை. கதையைச் சொல்லும் தியோனேயோ தொடக்கத்திலேயே பிரபு செய்ததைப் பைத்தியக்கார மிருகத்தனம் என்று சொல்லிவிடுகிறான். போக்காச்சோவின் இத்தாலியனில் இது பெண்களும் ஆண்களும் சேர்ந்து உட்கார்ந்து விவாதிக்கும் கதை.

பெத்ரார்க்கா போக்காச்சோவின் ஆருயிர் நண்பர். 1373இல் அவர் போக்காச்சோவுக்கு எழுதிய லத்தீன் கடிதத்தைப் படியுங்கள். உன் பெரிய புத்தகம் கைக்கு வந்தது, மக்கள்மொழியில் பொதுஜனங்களுக்கு எழுதியது என்பதால் மேலோட்டமாகத்தான் பார்த்தேன், ஆனால் கடைசிக் கதை மனதில் தைத்துவிட்டது, மனப்பாடம் செய்து நண்பர்களுக்குச் சொன்னேன், நம் மொழி தெரியாதவர்களும் ரசிக்கட்டும் என்று லத்தீனில் ஆக்கிவிட்டேன் என்கிறார். கீழ்மொழியிலிருந்து மேல்மொழிக்கு ஏற்றிவைக்கிறார். ஏற்றும்போது கதையும் மாறுகிறது: மனைவிமார் இப்படி இருக்க வேண்டும் என்று சொல்ல வரவில்லை, கடவுள் தரும் சோதனையில் மனித உள்ளம் இப்படி உறுதியாக நிற்கவேண்டும் என்பதற்காகச் சொன்னேன் என்று முடிக்கிறார். விவாதிக்க வேண்டிய கதை தியானிக்க வேண்டிய கதையாகிவிட்டது. இன்னொரு கடிதத்தில் வாசகர்கள் இருவரைப் பற்றிச் சொல்வதும் அருமை. பதுவா நண்பர் ஒருவர் பாதியில் அழுகை தொண்டையை அடைக்க மேலே படிக்க முடியாமல் நிறுத்திவிட்டார். வெரோனா நண்பர் கண் கலங்காமல் முழுவதும் படித்துவிட்டு, இப்படியொரு பெண் இருக்கவே முடியாது, கட்டுக்கதை என்றாராம்.

இந்த லத்தீன் வடிவம்தான் ஐரோப்பா முழுக்கப் போனது. சாசருக்குக் கிடைத்ததும் அதுதான், கூடவே ஒரு பிரெஞ்சு மொழிபெயர்ப்பும். கேன்டர்பரி கதைகளில் ஆக்ஸ்போர்டு மாணவன் இந்தக் கதையைப் பதுவாவில் பெத்ரார்க்காவிடம் கற்றதாகச் சொல்லித் தொடங்குகிறான். ஆங்கிலத்தில் இறங்கியதும் கதைக்குச் சூடு திரும்பிவிடுகிறது. சாசரின் கதைசொல்லி நடுநடுவே பிரபுவைக் கண்டிக்கிறான், முடிவில் ஒரு பாட்டு வைத்து, மனைவிகளே, நீங்கள் இப்படி வாயடைத்துக் கிடக்காதீர்கள் என்கிறான்.

மூன்றையும் ஒரே வாரத்துக்குள் படியுங்கள், இடைவெளி விட்டால் வித்தியாசம் மங்கிவிடும். டெக்கமரான் ஆங்கிலத்தில் குட்டன்பர்க் திட்டத் தளத்தில் இலவசம். சாசருக்கு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தின் சாசர் தளத்தில் வரிக்கு வரி இன்றைய ஆங்கிலம் இருக்கிறது. பெத்ரார்க்காவின் கடிதமும் ஆங்கிலத்தில் கிடைக்கும். லத்தீன் இங்கே தடையாக நிற்கவில்லை என்பதைக் கவனியுங்கள். இத்தாலியனில் எழுதிய ஒன்று ஆங்கிலத்துக்கு வர லத்தீன்தான் பாலம் போட்டது.

நான்காவது: தாந்தேயிடம் காரணம் கேளுங்கள்

தாந்தேயை எடுத்தவுடன் அவர் காவியத்தின் முதற்பகுதியான நரகத்துக்குள் இறங்க வேண்டாம். ஏன் இந்த மொழி என்று அவரே மூன்று இடங்களில் விளக்கியிருக்கிறார். ஒவ்வொன்றும் சில பக்கங்கள்தான்.

முதல் இடம், 1294ஐ ஒட்டிய 'புதுவாழ்வு' நூலின் 25ஆம் பகுதி. மக்கள்மொழியில் முதன்முதலில் கவிதை எழுதியவன் ஏன் எழுதினான் என்றால், லத்தீன் செய்யுள் புரியாத ஒரு பெண்ணுக்குத் தன் சொல் புரியவேண்டும் என்பதற்காகத்தான் என்கிறார்.

இரண்டாவது, 'விருந்து' நூலின் முதற்பகுதி. 1302இல் புளோரன்ஸ் அவரை நாடுகடத்திய பிறகு எழுதியது. தன் பாடல்களுக்கு லத்தீனில் உரை எழுதாமல் இத்தாலியனில் எழுதுவது ஏன் என்று பதின்மூன்று அதிகாரம் வாதாடுகிறார். யாருக்கு என்பதற்குப் பெயர் சொல்லியே பதில் தருகிறார்: கோமகன்கள், பிரபுக்கள், வீரர்கள், இன்னும் பல உயர்குணத்தோர், ஆண்கள் மட்டுமில்லை பெண்களும், லத்தீன் கல்லாதவர்கள். சொந்த மொழியை இகழ்ந்து அயல்மொழியைப் புகழும் இத்தாலியர்களைக் கடுமையாகத் திட்டுகிறார். என்னை உருக்குவது பதின்மூன்றாம் அதிகாரம். என் பெற்றோரை ஒன்றுசேர்த்தது இந்த மொழி, இதில்தான் அவர்கள் பேசிக்கொண்டார்கள், ஆகவே என் பிறப்புக்கே இதற்கும் பங்குண்டு என்கிறார். ஊரை இழந்து, வீட்டை இழந்து திரியும் மனிதர் எழுதியது என்பதை நினைவில் வைத்துப் படியுங்கள். கடைசியில் இந்த உரையை வாற்கோதுமை ரொட்டி என்கிறார். கோதுமை ரொட்டி கிடைக்காத ஆயிரக்கணக்கானோர் வயிறு நிறையப் போவது இதில்தான்.

மூன்றாவது, மக்கள்மொழிச் சொல்வன்மை பற்றிய நூல். இதை லத்தீனில் எழுதினார், ஏனென்றால் லத்தீன் படித்த பண்டிதர்களைத்தான் இணங்கவைக்க வேண்டியிருந்தது. செவிலித்தாயைப் பார்த்து, விதி எதுவும் படிக்காமல் நாம் கற்பதே மக்கள்மொழி, அதுவே உயர்ந்தது என்கிறார். 'விருந்'தில் லத்தீனே உயர்ந்தது என்று சொன்னவர், ஏறத்தாழ அதே ஆண்டுகளில், இங்கே தலைகீழாகச் சொல்கிறார். இந்த முரண்பாட்டை யாரும் உங்களுக்காகச் சமாதானம் செய்துவைக்க விடாதீர்கள். இரண்டு நூலையும் அவர் முடிக்கவில்லை. பிறகு இத்தாலியின் பதினான்கு வட்டார வழக்குகளை ஒவ்வொன்றாக எடுத்து நிராகரிக்கிறார். ரோமாபுரிப் பேச்சுதான் இருப்பதிலேயே அசிங்கம் என்கிறார், புளோரன்ஸ் இருக்கும் தன் சொந்தத் தொஸ்கானாப் பகுதியின் பேச்சையும் விடவில்லை. அப்படிச் சொன்னவர் தன் காவியமான 'கொம்மேதியா'வை எழுத உட்கார்ந்தபோது அடித்தளமாக எடுத்துக்கொண்டது புளோரன்ஸ் பேச்சை.

இனிக் காவியத்துக்குப் போங்கள். நூறு காண்டம், 14,233 அடி. முழுவதையும் ஒரே மூச்சில் படிக்கும் சபதம் வேண்டாம். முதலில் தொடக்கத்தை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்:

நெல் மெட்சோ தெல் கம்மின் தி நோஸ்த்ரா வீத்தா
மி ரித்ரோவாய் பெர் ஊனா செல்வா ஒஸ்கூரா,
கே லா திரீத்தா வீயா எரா ஸ்மர்ரீத்தா.

நம் வாழ்வின் வழிப்பயணத்தில் பாதி தூரம் வந்தபோது இருண்ட காடு ஒன்றில் இருந்தேன், நேர்வழி தப்பிப்போயிருந்தது என்று பொருள். வீத்தா, ஸ்மர்ரீத்தா என்று ஒன்றும் மூன்றும் இயைபு. நடுவில் நிற்கும் ஒஸ்கூரா அடுத்த மூவடியின் ஒன்றையும் மூன்றையும் பிடித்துக்கொள்ளும். இப்படியே சங்கிலி நீள்கிறது. எதுகை மோனைக்குப் பழகிய காதுக்கு முதலில் புதிதாக இருக்கும், நான்கைந்து மூவடிக்குள் பிடிபட்டுவிடும்.

நரகத்தின் 5, 15, 26, 33ஆம் காண்டங்களைத் தேர்ந்து படிக்கலாம். ஐந்தில் பிரான்செஸ்காவும் பாவோலோவும் ஒருநாள் லான்சலாட் கதையைச் சேர்ந்து வாசிக்கிறார்கள், ஒரு கட்டத்தில் புத்தகம் மூடப்படுகிறது, 'அன்று அதற்குமேல் நாங்கள் வாசிக்கவில்லை'. ஆணும் பெண்ணும் வீட்டில் உட்கார்ந்து பொழுதுபோக்காக ஒரு மக்கள்மொழிக் கதையை வாசிப்பது அன்று எவ்வளவு இயல்பாகிவிட்டது, எவ்வளவு ஆபத்தாகவும் கருதப்பட்டது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. பதினைந்தில் வருபவர் நாம் மேலே பார்த்த பிரூனெத்தோ லத்தீனி. எரியும் மணலில் ஓடிக்கொண்டே, என் 'புதையலை' மறந்துவிடாதே, அதில்தான் நான் இன்னும் வாழ்கிறேன் என்று தாந்தேயிடம் சொல்லிவிட்டுப் போகிறார். பிறகு காவியத்தின் இரண்டாவதான 'தூய்மைமலை'ப் பகுதியின் 26ஆம் காண்டத்துக்குத் தாவுங்கள். ஆக்சிதான் கவிஞர் அர்னோ தானியேல் அங்கே எட்டு அடி பேசுகிறார், இத்தாலியனில் இல்லை, தன் சொந்த ஆக்சிதானில். தாந்தே தன் முன்னோடிக்கு அவர் மொழியையே விட்டுக்கொடுத்தார்.

காவியத்தை மக்கள்மொழியில் எழுதியதைக் கண்டித்தவரும் உண்டு. 1319ஐ ஒட்டி பொலோனியா ஆசிரியர் ஜொவான்னி தெல் வெர்ஜீலியோ ஒரு லத்தீன் செய்யுட்கடிதம் அனுப்பினார். இவ்வளவு உயர்ந்த விஷயத்தைச் சந்தைப் பேச்சில் எழுதிப் பன்றிகளின் முன் முத்தை எறியலாமா, லத்தீனில் ஒரு காவியம் எழுதுங்கள், பொலோனியாவில் உங்களுக்குக் கவிஞருக்குரிய மாலை சூட்டலாம் என்றார். தாந்தே தேர்ந்த லத்தீனிலேயே, ஆயர்பாட்டு வடிவில் பதில் எழுதினார். என்னிடம் ஒரு செல்ல ஆடு இருக்கிறது, அது கறக்கும் பாலில் பத்துக் கலயம் அனுப்புகிறேன் என்றார். சொர்க்கப் பகுதியின் பத்துக் காண்டங்களைத்தான் அப்படிச் சொன்னார் என்று பலர் கருதுகிறார்கள்.

தாந்தேக்கு டார்ட்மத் கல்லூரியின் தளத்தில் நூற்றாண்டுக் கணக்கான உரைகள் அடிவாரியாகத் தேடும்படி இருக்கின்றன. பிரின்ஸ்டன், கொலம்பியா பல்கலைக்கழகங்களின் தாந்தே தளங்களும் இலவசம். தொடக்கத்தில் உரைகளுக்குள் மூழ்கிவிடாதீர்கள். ஒரு காண்டத்தை இரண்டு முறை வாசித்த பிறகு பார்த்தால் போதும்.

ஐந்தாவது: கையெழுத்தைப் பாருங்கள்

பெத்ரார்க்கா தன் இத்தாலியப் பாடல்களைச் சில்லறை எழுத்து என்று சொல்லிக்கொண்டார். 1341இல் ரோமில் அவருக்கு மாலை சூட்டப்பட்டது, தன் புகழ் 'ஆப்பிரிக்கா' என்ற லத்தீன் காவியத்தில் நிற்கும் என்று நம்பினார். 366 இத்தாலியக் கவிதைகளைத் தொகுத்தபோதும் தலைப்பை லத்தீனில்தான் வைத்தார். இதைப் படித்துவிட்டு அவருக்குத் தாய்மொழி மேல் மதிப்பில்லை என்று எழுதிவிடுவது சுலபம்.

வாட்டிகன் நூலகத்தின் இணையச் சேகரத்தில் வாட்டிகன் லத்தீன் 3196 என்ற பிரதியைத் திறந்து பாருங்கள். பெத்ரார்க்காவின் சொந்தக் கையெழுத்தில், அடித்தல் திருத்தலோடு, இத்தாலியக் கவிதைகளின் வரைவுத் தாள்கள். ஓரத்தில் தனக்குத்தானே எழுதிக்கொண்ட குறிப்புகள் எல்லாம் லத்தீன். 1368 மே 19, வெள்ளி நள்ளிரவு, வெகுநேரம் தூக்கம் வராமல் புரண்டு கடைசியில் எழுந்தேன், இருபத்தைந்து ஆண்டுக்கு முந்தைய இந்தப் பழைய பாட்டு கைக்கு வந்தது என்று ஒரு குறிப்பு. அறுபது தாண்டிய மனிதர், சில்லறை என்று தானே ஒதுக்கிய பாட்டுக்காக நள்ளிரவில் விளக்கேற்றுகிறார். சொந்த யோசனை லத்தீனில் ஓடுகிறது, செதுக்கும் கை இத்தாலியனில் இருக்கிறது. எழுத்தை வாசிக்க முடியாவிட்டாலும் பக்கத்தைப் பாருங்கள், எந்தெந்த வரிகள் அடிக்கப்பட்டிருக்கின்றன என்பது யாருக்கும் தெரியும். இதற்கு முந்தைய எண், 3195, அவர் கடைசியாகச் சீர்செய்த நற்பிரதி. ஒரு பகுதி அவரே எழுதியது.

ஆறாவது: லத்தீன் பள்ளிக்குள் விடப்படாதவர்கள்

மேலே சொன்ன ஆண்களுக்குத் தேர்வு இருந்தது. லத்தீன் பள்ளியும் பல்கலைக்கழகமும் பெண்களுக்கு மூடியிருந்ததால் அவர்களில் பலருக்கு மக்கள்மொழி ஒன்றுதான் வழி. அந்த ஒரே வழியில் சிலர் மிக ஆழமான இறையியலை எழுதினார்கள். நாரிச் ஜூலியன் 1373இல் நோய்ப்படுக்கையில் கண்ட காட்சிகளைப் பற்றி எழுதியதுதான், ஒரு பெண் எழுதியதென்று நாமறிந்த மிகப் பழைய ஆங்கில நூல். மார்கரித் போரெத் 'எளிய ஆன்மாக்களின் கண்ணாடி'யைப் பிரெஞ்சில் எழுதினார். நூலை எரித்தார்கள், அவர் பரப்புவதை நிறுத்தவில்லை. 1310 ஜூன் 1 அன்று பாரிசில் அவரையே எரித்தார்கள். நூல் பெயரில்லாமல் பிழைத்து, லத்தீனுக்கும் ஆங்கிலத்துக்கும் இத்தாலியனுக்கும் போனது. எழுதியவர் அவர்தான் என்று ரொமானா குவார்னியேரி கண்டறிந்தது 1946இல். அறுநூறு ஆண்டுக்கு மேல் அந்தப் பெயர் புதைந்து கிடந்ததை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

கிறிஸ்தீன் தெ பிசான் வெனிசில் பிறந்து பாரிசில் வளர்ந்தவர். இருபத்தைந்து வயதில் கணவரை இழந்து, பிரெஞ்சில் எழுதியே குடும்பத்தைக் காப்பாற்றினார். 1405இல் எழுதிய 'பெண்களின் நகரம்' நூலில் கிரிசெல்டாவும் வருகிறாள். மூன்றாவது படியில் எடுத்த குறிப்புகளோடு அதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தமுறை கதை ஒரு பெண்ணின் கையில் இருக்கிறது.

விவிலியம் தனிப் பாடம், இங்கே திசை மட்டும் காட்டுகிறேன். இங்கிலாந்தில் பேராயர் அருண்டெல் 1409இல் வெளியிட்ட ஆணைகள் அனுமதியின்றி மறைநூலை ஆங்கிலமாக்கத் தடை விதித்தன. லூதரின் ஜெர்மன் புதிய ஏற்பாடு 1522 செப்டம்பரில் வந்தது. மொழிபெயர்ப்பு பற்றி அவர் 1530இல் எழுதிய திறந்த மடலைத் தவறாமல் படியுங்கள்: வீட்டில் தாயிடமும், தெருவில் பிள்ளைகளிடமும், சந்தையில் சாதாரண மனிதனிடமும் போய்க் கேள், அவர்கள் வாயைப் பார், பிறகு மொழிபெயர் என்கிறார். ஆங்கிலத்தில் அதே வேலையைச் செய்த வில்லியம் டின்டேல் 1536இல் கொல்லப்பட்டார்.

அச்சும் இலக்கணமும் அறிவியலும்

இந்தப் பகுதியை வேகமாகக் கடக்கலாம். 1492இல் ஸ்பானிய அறிஞர் நெப்ரிஹா காஸ்திலியனுக்கு இலக்கணம் எழுதி அரசி இசபெல்லாவுக்குக் காணிக்கையாக்கினார், மொழி எப்போதும் பேரரசின் துணை என்றார். 1525இல் பெம்போ, கவிதைக்குப் பெத்ரார்க்கா, உரைநடைக்குப் போக்காச்சோ என்று இத்தாலியனுக்கு முன்மாதிரி வகுத்தார். பெம்போ வெனிஸ்காரர், அவர் சொன்னது அவர் ஊர்ப்பேச்சும் இல்லை, இருநூறு ஆண்டுக்கு முந்தைய தொஸ்கானா. மக்கள்மொழியும் லத்தீன்போல் படித்துப் பெறவேண்டிய ஒன்றாக மாறத் தொடங்கியது இங்கேதான். 1539இல் பிரெஞ்சு அரசர் முதலாம் பிரான்சுவா, நீதிமன்ற ஆவணங்கள் பிரெஞ்சுத் தாய்மொழியில்தான் இருக்கவேண்டும் என்று வில்லேர்-கொத்ரே ஆணையில் விதித்தார். 1549இல் பிரெஞ்சுக்காக வாதாடி முழங்கிய கவிஞர் து பெல்லே, பின்னர் ரோமில் இருந்தபோது லத்தீன் கவிதையும் எழுதி 1558இல் வெளியிட்டார். உங்கள் மூன்றாவது கேள்வி இன்னும் வேலைசெய்கிறது பாருங்கள்.

இந்த அலையின் ஒரு நுனி நம் கரைக்கும் வந்தது. போர்த்துகீசியத்துக்கு இலக்கணங்கள் எழுந்த (1536, 1540) சில ஆண்டுகளிலேயே, 1554இல், லிஸ்பனில் தமிழை ரோமன் எழுத்தில் அச்சிட்ட மறைக்கல்வி ஏடு வெளிவந்தது. 1578இல் கொல்லத்தில் தமிழ் எழுத்திலேயே என்ரீக்கே என்ரீக்கஸ் பாதிரியாரின் 'தம்பிரான் வணக்கம்' அச்சானது. பூசை லத்தீனில் நடந்தாலும் போதனை கேட்பவர் மொழியில் இருக்கவேண்டும் என்ற எண்ணம் 813ஆம் ஆண்டு தூர் நகரத் திருச்சபைக் கூட்டத்திலேயே, மறையுரைகளை மக்களின் பேச்சுக்கு மாற்றுங்கள் என்ற தீர்மானமாக வந்திருக்கிறது. என்ரீக்கே என்ரீக்கசின் தமிழ் நூலை அந்த நீண்ட வரிசையில் வைத்துப் பார்க்கலாம்.

அறிவியலுக்கு இரண்டு பேர் போதும். 1391இல் சாசர், பத்து வயது மகன் லூயிஸுக்காக அஸ்ட்ரோலேப் என்ற வானளவைக் கருவியைப் பயன்படுத்தும் முறையை ஆங்கிலத்தில் எழுதினார். உனக்கு லத்தீன் இன்னும் கொஞ்சம்தான் தெரியும், அதனால் எளிய ஆங்கிலத்தில் சொல்கிறேன், கிரேக்கருக்குக் கிரேக்கத்திலும் அரபியருக்கு அரபியிலும் இந்த உண்மைகள் போதுமானவையாக இருந்ததுபோல உனக்கு ஆங்கிலத்தில் போதும் என்கிறார். முன்னுரை ஓரிரு பக்கம்தான், அப்பா மகனிடம் பேசும் குரல் அப்படியே கேட்கும்.

மற்றவர் கலிலியோ. 1610இல் தொலைநோக்கியில் கண்டதை லத்தீனில் அறிவித்தார், ஐரோப்பா முழுக்கச் சேதி போகவேண்டியிருந்தது. சூரியப் புள்ளிகள் பற்றிய கடிதங்களை இத்தாலியனில் எழுதினார். 1612இல் நண்பர் குவால்தோவுக்கு எழுதிய கடிதத்தில் காரணம் சொல்கிறார்: எல்லாராலும் படிக்க முடியவேண்டும், பல்கலைக்கழகம் போகாதவர்களுக்கும் இயற்கை கண்ணைக் கொடுத்ததுபோல் புரிந்துகொள்ள மூளையையும் கொடுத்திருக்கிறது என்பதை அவர்கள் காணவேண்டும். 1632இல் இரு உலக அமைப்புகள் பற்றிய உரையாடலையும் இத்தாலியனிலேயே வெளியிட்டார். ஆல்ப்ஸ் மலையைத் தாண்ட அந்த நூலுக்கு மறுபடி லத்தீன் தேவைப்பட்டது. 1635இல் ஸ்த்ராஸ்பூரில் மொழிபெயர்ப்பு அச்சானது.

இதற்குப் பிறகு

இவ்வளவையும் முடிக்க அவசரப்படாமல் சில மாதங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரே ஒரு மொழியைத் தேர்ந்தெடுத்து உள்ளே போங்கள். பாட்டில் நாட்டமென்றால் ஆக்சிதான் பாணர்கள், உரைநடை என்றால் மோன்தேன். மோன்தேனை ஆறு வயதுவரை லத்தீன் மட்டுமே பேசி வளர்த்தார்கள், ஆனாலும் கட்டுரைகளைப் பிரெஞ்சில் எழுதினார். நெடுநாள் நிற்கவேண்டிய விஷயமாக இருந்தால் இதைவிட நிலையான மொழியில் எழுதியிருப்பேன், சில ஆண்டுக்கும் சில பேருக்கும்தான் எழுதுகிறேன் என்று மூன்றாம் புத்தகத்தில் சொல்கிறார்.

மொழிபெயர்ப்பு வாங்கும்போது இடப்பக்கம் மூலம், வலப்பக்கம் ஆங்கிலம் என்று இருக்கும் இருமொழிப் பதிப்பாகப் பாருங்கள். தாந்தேக்கும் பெத்ரார்க்காவுக்கும் அப்படிப்பட்டவை பல உண்டு. முன்னுரையை விட்டுவிட்டுக் கதைக்குத் தாவும் பழக்கத்தை இந்தத் துறையில் மட்டும் கைவிடுங்கள், இந்த எழுத்தாளர்கள் மொழியைப் பற்றி மனம்திறந்து பேசுவது பெரும்பாலும் அங்கேதான். கூடவே படிக்க ஒருவர் கிடைத்தால், ஆளுக்கொரு கிரிசெல்டாவை எடுத்துக்கொண்டு உட்காருங்கள்; பெத்ரார்க்காவின் பதுவா நண்பர் பக்கம் நிற்பவர் யார், வெரோனா நண்பர் பக்கம் நிற்பவர் யார் என்பது முதல் சந்திப்பிலேயே தெரிந்துவிடும்.